ஸ்பிளெண்டரா வேகன்ஆரா? மடிப்பாக்கத்துல இருந்து கிண்டிக்கு தினமும் போறவனோட ரிவ்யூ

முடிவ மொதல்லயே சொல்லிடறேன். தனியா ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்கு பைக்தான், அதுல ரெண்டாவது பேச்சுக்கே எடமில்ல. ஆனா வண்டில குழந்தை உக்கார ஆரம்பிச்சுட்டா, இல்ல வயசான அப்பா அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற வேலை அடிக்கடி வந்துச்சுன்னா, மைலேஜ் கணக்க மூட்ட கட்டி வெச்சுட்டு கார பத்தி யோசிக்க ஆரம்பிச்சுடுங்க. நெறைய பேரு பைக்கா காராங்கற இந்த கேள்விய பெட்ரோல்ல ஆரம்பிச்சு பெட்ரோல்லயே முடிச்சுடறாங்க. என்ன கேட்டா கேக்க வேண்டியது ரெண்டே விஷயம்தான், உங்க கூட வண்டில யாரு உக்காரப் போறாங்க, ராத்திரி அந்த வண்டி எங்க நிக்கப் போகுது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

எங்க வீட்ல ரெண்டும் இருக்கு. ஒண்ணு ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் பைக். இன்னொண்ணு மாருதி வேகன்ஆர் 1.0 மேனுவல் கார், 2022 மாடல். நான் மடிப்பாக்கத்துல இருந்து கிண்டி எஸ்டேட் போறவன், போக வர 20 கிமீ ஒட்டி வரும். அதனால இது முழுக்க முழுக்க சென்னை தெக்கு பக்க ரோட்ட வெச்சு எழுதறது. ஊர்ல அகலமான காலி ரோட்ல ஓட்றவங்களுக்கு கணக்கு வேற மாதிரி வரும்.

பைக்க பத்தி மொதல்ல சொல்லிடறேன். ஸ்பிளெண்டர் 97.2 சிசி, பவர் 8 பிஎஸ், எடை 112 கிலோ, டேங்க் 9.8 லிட்டர். பேப்பர்ல பாத்தா இதுல ஒண்ணுமே இல்ல, 1994ல வந்த வண்டியோட அடிப்படைதான் இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. ஆனா காலைல ஒன்பது மணிக்கு கைவேலி சிக்னல்ல நின்னு பாருங்க, இந்த 112 கிலோவோட அருமை அப்பதான் தெரியும். பஸ்ஸுக்கும் டிவைடருக்கும் நடுவுல இருக்கற சந்துல நுழைஞ்சு வெளிய வந்துடலாம், காலை ஊனி வண்டிய லேசா சாய்ச்சு திருப்பிக்கலாம், எதிர்ல லாரி வந்து மாட்டிக்கிச்சுன்னா எறங்கி பின்னாடி தள்ளிக்கூட எடுத்துடலாம். 18 இஞ்ச் வீலுங்கறதால பள்ளத்துல எறங்கி ஏறறதும் ஸ்கூட்டர விட எவ்வளவோ நல்லா இருக்கு, ஸ்கூட்டர்ல அதே பள்ளம் முதுகுல அடிக்கும், இதுல கைப்பிடில ஒரு குலுக்கலோட போயிடும். செயின் முழு கவருக்குள்ள இருக்கறதால மழைல சேறு ஒட்டறதும் கம்மி.

டைம்னு பாத்தா பீக் அவர்ல பைக்ல அரை மணி, கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அதே ரோடு, அதே நேரம், கார்ல ஒரு மணி நேரத்த தொட்டுடும், மழ பேஞ்சா கேக்கவே வேணாம். விஜயநகர் தாண்டி குருநானக் காலேஜ் வரைக்கும் கார் ஊர்ந்துதான் போவும். மேடவாக்கம் மெயின் ரோட்ல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் ஜனங்களுக்கு என்ன ஆச்சுன்னு அங்க இருக்கறவங்களுக்கு தெரியும், மாதவரம் சோழிங்கநல்லூர் லைன் இந்த வழியாத்தான் போவுது, ரோட்டு நடுவுல தகரம் அடிச்சு ஒரு கார் போற அளவுக்குத்தான் வழி விட்ருக்காங்க. அந்த எடத்துல கார்ல போனா முன்னாடி போற தண்ணி லாரி என்ன ஸ்பீடோ அதுதான் நம்ம ஸ்பீடு. பைக்குக்கும் அதே வழிதான், ஆனா பைக்ல போறவனுக்கு உள்ள தெருவு இருக்கு, சதாசிவம் நகர் ராம்நகர்னு வளைஞ்சு வளைஞ்சு வந்து சேந்துடலாம். அந்த தெருவெல்லாம் ரெண்டு பக்கமும் வண்டி நிக்கும், கார்ல நுழைஞ்சா எதிர்ல இன்னொரு கார் வந்துச்சுன்னா யாரு ரிவர்ஸ் எடுக்கறதுன்னு பெரிய பஞ்சாயத்து ஆயிடும்.

காசு கணக்கு. சென்னைல பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேலயே நிக்குது. சிட்டிக்குள்ள ஸ்பிளெண்டருக்கு லிட்டருக்கு 60 கிமீன்னு வெச்சுக்கோங்க, 20 கிமீக்கு 35 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். வேகன்ஆர் 1.0 மேனுவலுக்கு ஏஆர்ஏஐ மைலேஜ் நம்பர் 24.35. அது டெஸ்ட்ல எடுக்கற நம்பர், ஏசி போட்டு பீக் அவர்ல ஊர்ந்து போறப்ப எந்த சின்ன பெட்ரோல் காரா இருந்தாலும் அதுல பாதி பக்கத்துக்கு வந்துடும், 13ன்னு வெச்சா அதே 20 கிமீக்கு 155 ரூபா. மாசத்துக்கு 25 நாள் வேலைன்னா பைக்குக்கு 850, காருக்கு 3,900 பக்கம். வித்தியாசம் 3,000. பெரிய காசுதான், ஆனா கார் செலவுல இது சின்ன பகுதின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பெரிய பகுதி எங்கன்னா வாங்கற அன்னைக்கே ஆரம்பிக்குது. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன காருக்கும் 350 சிசி வரைக்கும் பைக்குக்கும் ஜிஎஸ்டிய 28ல இருந்து 18 சதவீதமா கொறச்சுட்டாங்க, அதனால வேகன்ஆர் அடி மாடல் எக்ஸ் ஷோரூம் 5 லட்சத்துக்கு கொஞ்சம் உள்ள வந்துச்சு, ஸ்பிளெண்டர் 75 ஆயிரத்த ஒட்டி. நல்ல விஷயம்தான். ஆனா ஷோரூம் வெலைய பாத்து சந்தோஷப்பட்டுட்டு போய் உக்காந்தா ஆன் ரோடு வெலைல வேற கதை இருக்கும். தமிழ்நாட்ல 2023 நவம்பர்ல, வண்டி வாங்கும்போது ஒரே தடவையா கட்டற லைஃப் டேக்ஸ ஏத்துனாங்க, காருக்கு 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, பைக்குக்கு ஒரு லட்சம் வரைக்கும் 10, அதுக்கு மேல 12. அப்புறம் இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும் பாத்தா ஆயிரம் சிசிக்குள்ள இருக்கற காருக்கு வருஷத்துக்கு 2,094, ஸ்பிளெண்டர் மாதிரி 75ல இருந்து 150 சிசி பைக்குக்கு 714, இது 2022ல வந்த ரேட்டு, ஜிஎஸ்டி தனி. புது வண்டின்னா காருக்கு மூணு வருஷத்துக்கும் பைக்குக்கு அஞ்சு வருஷத்துக்கும் தேர்ட் பார்ட்டிய மொத்தமா கட்டியாகணும். இந்த எடத்துல பைக் வெச்சிருக்கவங்க ஒண்ண கவனிக்கணும், அஞ்சு வருஷம் முடிஞ்சதும் யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, இன்சூரன்ஸே இல்லாம ஓடிட்டு இருக்கற பைக் நம்ம தெருவுலயே எத்தனையோ இருக்கு. ஆர்சி புக்க எடுத்து வாங்குன வருஷத்த ஒரு தடவ பாத்துடுங்க.

லோன் போட்டு வாங்குனா 5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டில அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 10,400 பக்கம் வரும். இது வண்டிய வெளிய எடுத்தாலும் எடுக்கலன்னாலும் போற காசு. அதனால மாசத்துல நாலஞ்சு தடவ மட்டும் கார் வேணும்ங்கறவங்களுக்கு நான் சொல்றது, அந்த 10,400ல எத்தனை தடவ கேப் புக் பண்ணலாம்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. மடிப்பாக்கத்துல இருந்து சென்ட்ரலுக்கு பெட்டியோட போய்ட்டு வர்றது, கல்யாணத்துக்கு போறது, இதெல்லாம் கேப்லயும் ஆட்டோலயும் தாராளமா முடியும். கேப் வராம கேன்சல் பண்ற கொடுமை இருக்கு, ஒத்துக்கறேன், மழ பேஞ்சா வாடகை ரெண்டு மடங்கு காட்டும், அதையும் சேத்தே கணக்கு போட்டாலும் கார விட கம்மியாத்தான் வரும்.

சரி, அப்பறம் ஏன் நான் கார் வெச்சிருக்கேன்?

பொண்ணுக்காக. அவ கைக்குழந்தையா இருந்தப்ப பைக்ல மனைவி மடில வெச்சுதான் எல்லாரும் மாதிரி நாங்களும் போய்ட்டு இருந்தோம். நம்ம ஊர்ல இது ரொம்ப சாதாரண காட்சி, டேங்க் மேல ஒரு குழந்தை, பின்னாடி அம்மா, அம்மா மடில இன்னொண்ணு, ஒருத்தருக்கு மட்டும் ஹெல்மெட். சட்டப்படி பைக்ல ஓட்றவர சேத்து ரெண்டு பேருதான். நாலு வயசுக்கு மேல எந்த குழந்தையா இருந்தாலும் ஹெல்மெட் போட்டாகணும். நாலு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஓட்றவரோட சேத்து கட்டற பெல்ட், ஒன்பது மாசம் தாண்டிட்டா தலைக்கு சரியான ஹெல்மெட், ஸ்பீடு 40க்கு மேல போகக்கூடாது, இது 2022 பிப்ரவரில அறிவிச்சு அடுத்த வருஷம் அமலுக்கு வந்த மத்திய அரசு ரூல். இதுவரைக்கும் அந்த பெல்ட்ட கட்டிட்டு போற ஒரு குடும்பத்த எங்க ஏரியால நான் பாத்ததில்ல. கடைல கேட்டா அப்படி ஒண்ணு இருக்கான்னு நம்மளயே திருப்பி கேக்கறாங்க.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, 2022ல மட்டும் இந்தியால ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029, அதுல 14 ஆயிரத்துக்கும் மேல பின்னாடி உக்காந்து போனவங்க. மத்திய போக்குவரத்து அமைச்சகம் போட்ட அறிக்கைல இருக்கறது இது. பின்னாடி உக்கார்றவங்களுக்கு எதுக்கு ஹெல்மெட்டுன்னு கேக்கறவங்க அந்த 14 ஆயிரத்த ஒரு தடவ படிங்க. தமிழ்நாட்ல ஹெல்மெட் இல்லன்னா 1,000 ரூபா ஃபைன், அந்த ஆயிரத்துக்கு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட்டே வாங்கிடலாம். ரோட்டோரத்துல அடுக்கி வெச்சிருக்கற 200 ரூபா தொப்பி ஹெல்மெட்ட கைல எடுத்து உள்ள கட்ட வெரலால அமுக்கிப் பாருங்க, தெர்மாகோல் இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அது போலீஸ்காரர் கிட்ட இருந்து தப்பிக்கறதுக்கு மட்டும்தான் ஆகும்.

கார்னா பத்திரம்னு கண்ண மூடிட்டு சொல்லவும் மாட்டேன், ஏன்னா நான் வெச்சிருக்கற காருக்கே 2023 ஏப்ரல்ல, கார மோத வெச்சு பாதுகாப்புக்கு ஸ்டார் போடற குளோபல் என்கேப் குடுத்தது பெரியவங்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைங்களுக்கு ஜீரோ. இத மறச்சு ரிவ்யூ எழுதறதுல அர்த்தமில்ல. அதுக்கப்புறம் 2025ல ஆறு ஏர்பேக் ஸ்டாண்டர்டா குடுக்க ஆரம்பிச்சாங்க, எங்களோடது பழைய மாடல், ரெண்டுதான். ஆனா அந்த டெஸ்ட் 64 கிமீ ஸ்பீடுல மோத வெச்சு எடுக்கறது. நாங்க சிட்டிக்குள்ள 30, 35ல போறோம், பொண்ணு பின் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்கா. இதே ஸ்பீடுல பைக் சறுக்கினா மொதல்ல தரைல படறது ஒடம்புதான். அதனால ஒரு ஸ்டார் காரா இருந்தாலும் குழந்தைக்கு பைக்க விட கார்தான்னு சொல்வேன், இன்னைக்கு புதுசா வாங்கறதா இருந்தா நல்ல ஸ்டார் வாங்கின காரத்தான் பாப்பேன், ரெண்டு பேச்சும் ஒண்ணோட ஒண்ணு மோதல. பின் சீட் பெல்ட்ட மட்டும் விட்றாதீங்க, கார் வாங்கிட்டு முன் சீட்ல குழந்தைய மடில வெச்சுட்டு போறவங்கள தினமும் பாக்கறேன், ஏர்பேக் வெடிச்சா மொதல்ல அடி வாங்கறது அந்த குழந்தைதான்.

இன்னொரு காரணம் அப்பாவோட முழங்கால். இங்கதான் வேகன்ஆர மனசார பாராட்டுவேன். சீட் உயரமா இருக்கறதால குனியவும் வேணாம், ஏறவும் வேணாம், நாற்காலில உக்கார்ற மாதிரி அப்படியே பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டு காலை உள்ள எடுத்துக்கலாம். கதவு நல்லா அகலமா தொறக்குது. வேற காருங்கள்ல அப்பா ஒரு கைல கூரைய புடிச்சு இன்னொரு கைல என் தோள புடிச்சு கஷ்டப்பட்டுதான் எறங்குவாரு, இதுல தானாவே எறங்கிடறாரு. பார்க்க டப்பா மாதிரி இருக்குன்னு சொல்றவங்க வயசானவங்கள வண்டில ஏத்தி எறக்கிப் பாத்ததில்லன்னு நெனைக்கறேன். டிக்கி 341 லிட்டர், வீல்சேர் மடிச்சு வெச்சாலும் பக்கத்துல பை வெக்க எடம் இருக்கு. திரும்பற வட்டத்தோட ரேடியஸ் 4.7 மீட்டர்தான், எங்க தெருமுனைல ஒரே வளைப்புல யூ டர்ன் ஆயிடும், நீளமும் 3,655 மிமீதான். கிளட்ச்தான் பாடு, ஊர்ந்து போற டிராபிக்ல மேனுவல் ஓட்டி வீட்டுக்கு வந்தா எடது கால் கெண்டைச்சதை கல்லு மாதிரி ஆயிடுது. தினமும் பீக் அவர்ல கார்தான்னு முடிவு பண்றவங்க கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏஜிஎஸ் மாடல் எடுத்துடுங்க, கியர் மாறும்போது லேசா ஒரு இழுப்பு இருக்கும், அது பழகிடும், கால் வலி பழகாது.

கேஸ்ல ஓடற சிஎன்ஜி வேகன்ஆர் பத்தியும் கேப்பீங்க. ஒரு கிலோவுக்கு 34.05 கிமீன்னு கம்பெனி நம்பர், டிக்கில பெரிய சிலிண்டர் வந்துடும், எங்க மாதிரி வீல்சேர் வெக்கறவங்களுக்கு சரிப்படாது. தினமும் 60, 70 கிமீ ஓட்றவங்க மட்டும் பாருங்க.

வெயிலும் மழையும் வந்துட்டா ரெண்டு வண்டியோட கொணமும் மாறிடும். மே மாசம் மத்தியானம் கத்திப்பாரா பக்கம் சிக்னல்ல ஹெல்மெட்டோட நிக்கறது சாதாரண விஷயமில்ல. 2024ல மாநகராட்சி சில சிக்னல்ல பச்ச வலை பந்தல் போட்டாங்க, அந்த நெழலுக்காக கோட்டுக்கு ரொம்ப முன்னாடியே பைக்கெல்லாம் கும்பலா நின்னுச்சு. அந்த நேரத்துல பக்கத்துல கண்ணாடி ஏத்திட்டு ஏசில போறவங்கள பாத்தா கார் மேல ஆசை வரத்தான் செய்யும், தப்பில்ல. பெருங்குடி பள்ளிக்கரணை பக்கமா போறவங்களுக்கு குப்பைக்கெடங்கு நாத்தமும் புகையும் வேற.

மழைல பைக் ஓட்றவங்களுக்கு நான் சொல்ற மொத எச்சரிக்கை பள்ளம் இல்ல, மெட்ரோ வேலை நடக்கற எடத்துல குழிய மூடி போட்டிருக்கற இரும்பு பிளேட். காஞ்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. நனைஞ்சுட்டா எண்ணெய் தடவுன மாதிரி ஆயிடும். அது மேல ஏறும்போது பிரேக் தொடவே கூடாது, கிளட்ச்ச திடீர்னு விடக்கூடாது, ஹேண்டில் நேரா இருக்கணும், ஆக்சிலேட்டர ஒரே அளவுல வெச்சு அப்படியே உருண்டு கடந்துடணும். பிளேட்டுக்கு முன்னாடியே ஸ்பீட கொறச்சுக்கோங்க. ஸ்பிளெண்டர் பிளஸ்ல ரெண்டு பக்கமும் 130 மிமீ டிரம் பிரேக், பின் பிரேக்க மிதிச்சா முன்னாடியும் சேந்து புடிக்கற சிஸ்டம் இருக்கு, இருந்தாலும் ஈர ரோட்ல டிஸ்க் குடுக்கற தைரியம் டிரம்ல கெடைக்காது. இப்ப ஸ்பிளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக் மாடல்ல டிஸ்க் வந்துடுச்சு, புதுசா வாங்கறவங்க அந்த சில ஆயிரத்த யோசிக்காம போடுங்க. சென்னைல எனக்கு இதுதான் பைக் வாங்கும்போது பாக்க வேண்டிய மொத விஷயம், கலர் மைலேஜெல்லாம் அப்புறம்.

வெள்ளம்னு வந்துட்டா பாவம் கார்காரங்கதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் எல்லாம் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், கார் கூரை மட்டும் தெரியற மாதிரி தெருவெல்லாம் தண்ணி. அந்த பயத்துலதான் 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த ஒடனே ஜனங்க கார எல்லாம் கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா நிப்பாட்டிட்டாங்க. வெளியூர்காரங்க அத பாத்து சிரிச்சாங்க, எங்களுக்கு சிரிப்பு வரல, ஏழெட்டு லட்சம் போட்டு வாங்குன பொருள யாரு தண்ணில விடுவா. பைக்க ரெண்டு பேரு தூக்கி படிக்கட்டு மேல, திண்ணை மேல ஏத்திடலாம், கார தூக்க முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே தரைத்தளத்துலயும் தாழ்வான தெருவுலயும் இருக்கறவங்க கார் வாங்கறதுக்கு முன்னாடி மழைக்காலத்துல அந்த தெருவுல தண்ணி எந்த மட்டத்துக்கு வந்துச்சுன்னு பக்கத்து வீட்ல கேட்டுடுங்க, செவுத்துல கறை இருக்கும், முழங்கைய வெச்சு அளந்தாலே தெரிஞ்சுடும்.

அதோட ஒண்ணு. தண்ணி நின்ன கார தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. ஏர் இன்டேக் வழியா இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா, பிஸ்டன் மேல வரும்போது அந்த தண்ணிய அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளஞ்சுடும். வெள்ளத்துல நனைஞ்சதுக்கு முழு இன்சூரன்ஸ்ல கிளைம் கெடைக்கும், ஆனா தண்ணில நின்ன வண்டிய நாமளே ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் போச்சுன்னா இன்சூரன்ஸ் கூட தனியா எடுக்கற இஞ்சின் புரொடெக்ட் ஆட் ஆன் இல்லாதவங்களுக்கு அந்த செலவ குடுக்க மாட்டாங்க. அதனால சென்னைல கார் வெச்சிருக்கவங்க ரினியூவல் அப்ப எத வெட்டினாலும் அந்த ஒண்ண வெட்டாதீங்க. பேட்டரி வயர கழட்டிட்டு டோ பண்ற வண்டிக்கு போன் போடுங்க, அவ்வளவுதான் நாம செய்ய வேண்டியது.

பார்க்கிங்குக்கு வர்றேன். எங்க பக்கம் பழைய அபார்ட்மென்ட்ல எட்டு வீடு இருந்தா நாலு கார்தான் நிக்கும். மிச்ச நாலு வீட்டுக்காரங்க தெருவுல நிப்பாட்டறாங்க, தெருவுல நிப்பாட்டுனா எதிர்வீட்டு கேட்டு மறையுது, மறஞ்சா சண்டை, சண்டை வந்த வாரம் கதவுல ஒரு கோடு விழும், யாரு கிழிச்சாங்கன்னு கண்டே புடிக்க முடியாது. சொந்தமா கவர்டு பார்க்கிங் இல்லாதவங்க கார் வாங்கறத பத்தி நெஜமாவே மறுபடி யோசிக்கணும், நான் நாலு பேருக்கு இத சொல்லி ரெண்டு பேரு தள்ளிப் போட்டாங்க, அவங்க இன்னைக்கும் சந்தோஷமா பைக்ல போறாங்க. வெளிய போனாலும் இதே பாடுதான், தி.நகர் போறதா இருந்தா தணிகாசலம் ரோட்ல மல்டிலெவல் பார்க்கிங் இருக்கறதால பாண்டி பஜாருக்கு கார எடுத்துட்டு போகலாம், ஆனா சாதாரணமா ஒரு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கவோ, பொண்ண ஸ்கூல்ல விடவோ கார எடுத்தா ஓட்டற நேரத்த விட நிப்பாட்ட எடம் தேடற நேரம் அதிகம். அரை லிட்டர் பாலுக்கு காரா எடுப்பாங்க, அதுக்கெல்லாம் ஸ்பிளெண்டர்தான்.

வெளியூர் போறப்ப ஒரே ஒரு கணக்கு, தாம்பரம் தாண்டுனா பரனூர், ஆத்தூர்னு டோல்கேட் வரும், பைக்குக்கு நேஷனல் ஹைவேல டோல் கெடையாது. அதுக்காக ஸ்பிளெண்டர்ல திண்டிவனம் போறேன்னு கெளம்பாதீங்க, 60க்கு மேல போனா கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிர ஆரம்பிச்சுடும், பக்கத்துல ஆம்னி பஸ் ஓவர்டேக் பண்ணும்போது அந்த காத்துலயே வண்டி அசையும். 112 கிலோ சிட்டிக்குள்ள எவ்வளவு வரமோ ஹைவேல அவ்வளவு தொல்லை.

மெயின்டனன்ஸ்ல ஸ்பிளெண்டர ஜெயிக்க ஆளில்ல. எந்த ஊர்ல எந்த மூலைல நின்னாலும் மெக்கானிக் கெடைப்பாரு, பார்ட்ஸ் அவரு கடைலயே தொங்கும். ஆயில் ஒரு லிட்டர்கூட வேணாம், செயின்ல அப்பப்ப ஆயில் விட்டு தொங்கல பாத்துக்கிட்டா போதும். கவருக்குள்ள இருக்கறதால கண்ணுல படாது, அதனாலயே நெறைய பேரு மறந்துடறாங்க, கவர் அடில இருக்கற ரப்பர் மூடிய எடுத்துட்டு வெரல விட்டு மேல கீழ ஆட்டிப் பாருங்க, ரெண்டு வெரல் அகலத்துக்கு மேல ஆடுச்சுன்னா டைட் பண்ண கொண்டு போங்க. வேகன்ஆருக்கும் சர்வீஸ் சென்டருக்கு பஞ்சமில்ல, ஆனா வண்டி ஓடாம நின்னாலும் வருஷாந்திர சர்வீஸ், பேட்டரி, டயர்னு செலவு வந்துட்டேதான் இருக்கும். வாரம் ஒரு தடவையாவது வெளிய எடுக்கணும், இல்லன்னா பேட்டரி போயிடும்.

ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா? கல்யாணம் ஆகாதவங்க, தனியா போறவங்க, பைக் வாங்கி நல்ல ஹெல்மெட் ரெண்டு வாங்கிக்கோங்க. சின்ன குழந்தை இருக்கு, நிப்பாட்ட எடமும் இருக்குன்னா புது பெரிய பைக்குக்கு ஒண்ணரை ரெண்டு லட்சம் போடறதுக்கு பதிலா அதே காசோட கொஞ்சம் சேத்து பழைய காரையும் பழைய ஸ்பிளெண்டரையும் சேத்து வாங்கலாமான்னு பாப்பேன், எங்க ஏரியால அப்படி ரெண்டும் செகண்ட் ஹேண்ட்ல வெச்சு ஓட்டற குடும்பம் நெறைய இருக்கு, நல்லாத்தான் இருக்காங்க.

ஆனா சென்னைல செகண்ட் ஹேண்ட் கார் பாக்க போனா மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, வெள்ளத்துல நின்ன வண்டிய பாலிஷ் போட்டு விக்கறது இங்க சகஜம். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, சாதாரணமா யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டாங்க, உள்ள சுருண்டிருக்கற பாகத்துல மண் கோடு படிஞ்சிருந்தா தண்ணி அந்த மட்டம் வரைக்கும் வந்துருக்குன்னு அர்த்தம். சீட்டுக்கு அடில இருக்கற தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி டயர் வெக்கற குழில வண்டல், ஏசி போட்ட ஒடனே வர்ற பூஞ்சை வாசனை, இத எல்லாம் பாருங்க. கார்பெட் ஓரத்த தூக்கி அடில இருக்கற பஞ்ச கையால தொட்டு பாருங்க, மேல காஞ்சு இருந்தாலும் அந்த பஞ்சு சீக்கிரம் காயாது. விக்கறவரு கார்பெட்ட தூக்க வேணாம்னு தடுத்தாருன்னா அட்வான்ஸ் குடுக்காம கெளம்பிடுங்க.